எட்டுக் கோடு மிச்சமிருக்கும் மின்காரை விற்கலாமா?

கேள்வி: ஐயா, நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் சில்வர்கிளெனில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை. என்னிடம் 2014 மாடல் நிசான் லீஃப் இருக்கிறது. 2016-இல் ஒருவர் ஓட்டியதை வாங்கினேன். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. பேட்டரிக் கோடு பன்னிரண்டில் எட்டுதான் தெரிகிறது. முழு சார்ஜில் 85 கி.மீ. காட்டுகிறது. போன மாதம் ஒரு நாள் காலை எல்லா விளக்கும் எரிந்து வண்டி கிளம்பவே இல்லை. பழைய கார் வியாபாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "பேட்டரி முடிந்துவிட்டது, 40,000 ரேண்டுக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். அவரே கடலில்லாத உள்நாட்டு மாகாணமான கௌட்டெங்கிலிருந்து வந்த இன்னொரு லீஃப் தருகிறாராம். அது 2015 மாடல், பன்னிரண்டு கோடும் இருக்கிறது, விலை 1,40,000 ரேண்ட். தங்கை மகன் வாங்கச் சொல்கிறான். டர்பனுக்கு வடக்கே பீனிக்ஸில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்வர 70 கி.மீ. ஆகிறது. வழியில் நின்றுவிடுமோ என்றுதான் பயம். என்ன செய்யட்டும்?

பதில்: வணக்கம் டீச்சரம்மா. உங்கள் காரை விற்க வேண்டாம். அந்தப் பன்னிரண்டு கோடு காரை வாங்கவும் வேண்டாம். தங்கை மகனிடம் கோபப்படாதீர்கள், அவர் வயதுக்கு அந்த விலை லாபமாகத்தான் தெரியும்.

முதலில் அந்தக் காலை விஷயத்தைப் பேசிவிடலாம், ஏனென்றால் வியாபாரி உங்களைப் பயமுறுத்தியது அதை வைத்துத்தான். மின்காரில் இரண்டு பேட்டரி உண்டு. வண்டியை ஓட்டுவது தரைக்கடியில் இருக்கும் பெரியது. பானட்டைத் திறந்தால் பெட்ரோல் காரில் இருப்பதுபோலவே ஒரு 12 வோல்ட் சின்னப் பேட்டரியும் இருக்கும். காரின் கம்ப்யூட்டரை எழுப்புவது அதுதான். அது சோர்ந்துவிட்டால் பெரிய பேட்டரியில் நூறு சதவீதம் சார்ஜ் இருந்தாலும் வண்டி எழுந்திருக்காது, கோவில் திருவிழா மாதிரி எல்லா எச்சரிக்கை விளக்கும் எரியும். என் பட்டறைக்கு "பேட்டரி செத்துப் போச்சு" என்று இழுத்துக்கொண்டு வரும் லீஃப்களில் நான் முதலில் மீட்டர் வைப்பது இந்தச் சின்னதில்தான். இரவு முழுக்க நின்ற பிறகு 12.4 வோல்டுக்கு மேலே இருந்தால் சரி. 11.8, 11.9 என்று காட்டினால் மாற்றிவிடுங்கள். சாதாரண பேட்டரிக் கடையில் சில ஆயிரம் ரேண்டுக்குள் முடிந்துவிடும். உங்கள் சின்னப் பேட்டரியைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று எழுதவில்லை. மாற்றவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இப்போது அந்த எட்டுக் கோடு. டாஷ்போர்டின் வலது பக்கம் சார்ஜ் அளவைக் காட்டும் பெரிய கோடுகளை ஒட்டி, ஓரமாக மெல்லிய கோடுகள் இருக்கும். அவை பேட்டரியில் எவ்வளவு கொள்ளும் என்பதைச் சொல்பவை. கணக்கு ஒரே சீரானது இல்லை. முதல் கோடு போகும்போதே ஏறக்குறைய 15 சதவீதம் போயிருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடும் 6 சதவீதத்துக்குச் சற்று மேல். நான்கு கோடு போன உங்கள் காரில் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம். புதிதில் இந்த மாடல் நிதானமாக ஓட்டினால் 135 கி.மீ. போகும். அதில் மூன்றில் இரண்டு பங்கு 90. உங்கள் திரையில் தெரிவது 85. கணக்கு சரியாகத்தான் வருகிறது. இந்தப் பேட்டரிக்கு வந்திருப்பது முதுமை, சாவு இல்லை. இந்த லீஃப்பில் பேட்டரியைக் குளிர்விக்கத் தண்ணீரும் இல்லை, விசிறியும் இல்லை. டர்பன் வெயிலில் பத்து வருடம் நின்ற பேட்டரி இவ்வளவு தாங்கியதே நல்லதுதான்.

அந்த 85-ஐயும் முழுதாக நம்பாதீர்கள். கடைசியாக நீங்கள் எப்படி ஓட்டினீர்களோ அதை வைத்துத்தான் கார் அந்த எண்ணைச் சொல்கிறது. நகரத்திலிருந்து ஹிகின்சன் ஹைவேயில் மேடேறி வீட்டுக்கு வந்தால் குறைத்துச் சொல்லும், காலையில் இறங்கிப் போனால் கூட்டிச் சொல்லும். சார்ஜ் தீரும் நேரத்தில் எண்ணே போய், அந்த இடத்தில் "---" என்று மட்டும் காட்டும். அந்த இடம் வரை போகாதீர்கள்.

தங்கை வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். 70 கி.மீ. போய்வர உங்கள் காரால் முடியும், ஆனால் N2 நெடுஞ்சாலையில் 120-இல் பறந்தால் முடியாது. 90-இல் இடது பாதையில் போங்கள், லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். அதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. காருடன் வந்த கையடக்கச் சார்ஜர் கேபிளை டிக்கியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தங்கை வீட்டில் சாப்பிட்டு, பேசி, டீ குடித்துக் கிளம்ப மூன்று மணி நேரம் ஆகாதா? சாதாரணப் பிளக்கில் மூன்று மணி நேரம் போட்டால் 7 யூனிட் ஏறும், அது 35 கி.மீ. தூரத்துக்குப் போதும். திரும்பி வரும் வழி முழுக்கத் தங்கை வீட்டுக் கரண்ட். யூனிட் மூன்று ரேண்ட் என்று வைத்துக்கொண்டால் 21 ரேண்ட். அதை அவர் கணக்குப் பார்த்தால் பிரச்சினை காரில் இல்லை.

பிளக்கைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே எடுத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சாக்கெட்டை மாற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரும் மல்டிபிளக்கும் கூடவே கூடாது. உங்கள் வீட்டில் டிபி போர்டிலிருந்து (பிரேக்கர்கள் இருக்கும் மின்பெட்டி) தனி பிரேக்கர் போட்டு ஒரு சாக்கெட் இழுத்துவிட்டால் அப்புறம் கவலையே இல்லை.

சரி, அந்தப் பன்னிரண்டு கோடு கார். இதைக் கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. பத்து வயதான லீஃப்பில் பன்னிரண்டு கோடும் முழுதாக நிற்பதை நான் நம்ப மாட்டேன். காரின் கம்ப்யூட்டரில் பேட்டரியின் வயதை அழித்துப் புதிதுபோலக் காட்டும் வித்தை இருக்கிறது. கம்ப்யூட்டர் பழையதை மறந்துவிடும், பேட்டரி மறக்காது. சில வாரம் ஓட்டியதும் கம்ப்யூட்டர் உண்மையை மறுபடி கற்றுக்கொண்டு ஒவ்வொரு கோடாகக் கழற்றும். வெருலத்திலிருந்து ஒருவர் இப்படி ஒரு காரை வாங்கி, ஆறு வாரம் கழித்து எட்டுக் கோட்டோடு என் பட்டறை வாசலில் வந்து நின்றார். விற்றவரின் போன் அணைந்திருந்தது. அந்த மனிதர் காரிலிருந்து இறங்கவே இல்லை, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் என்ன சொல்வது? பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நீங்கள் கொடுத்த காசுக்கு உரிய பேட்டரி இது இல்லை என்றேன்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவியே வேண்டாம், கடிகாரம் போதும். காரை ஏறக்குறைய காலியாகும் வரை ஓட்டிவிட்டு, வீட்டுப் பிளக்கில் கையடக்கச் சார்ஜரைப் போடுங்கள். நல்ல பேட்டரி நிரம்பப் பத்துப் பதினோரு மணி நேரம் ஆகும், 24, 25 யூனிட் இழுக்கும். பன்னிரண்டு கோடு காட்டிக்கொண்டு ஏழு மணி நேரத்தில் நிரம்பிவிட்டால் அந்தக் கோடுகள் பொய். உங்களுடைய காருக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள். அன்றிரவு கீசரை அணைத்துவிட்டு, படுக்கப் போகும்போதும் காலையிலும் ப்ரீபெய்ட் மீட்டரைப் பார்த்து எழுதி வையுங்கள். 16, 17 யூனிட் ஏறியிருந்தால் எட்டுக் கோடு உண்மையைச் சொல்கிறது. வியாபாரியிடம் "ஒரு ராத்திரி காரை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். என்ன காரணம் சொல்லி மறுக்கிறார் என்பதிலேயே பாதி பதில் கிடைத்துவிடும்.

உங்கள் காருக்கு அவர் 40,000 ஏன் தருகிறார் என்றும் யோசியுங்கள். பேட்டரி முடிந்துவிட்டதென்றால் அதை எதற்கு வாங்குகிறார்? லீஃப் பேட்டரிக்குள் 48 மாட்யூல், அதாவது செல்கள் அடங்கிய தனித்தனிப் பெட்டிகள், இருக்கின்றன. லோட்ஷெடிங் என்ற மின்வெட்டுக் காலத்திலிருந்து வீட்டு இன்வெர்ட்டருக்கும் சோலாருக்கும் அவற்றைப் பிரித்து விற்கும் கூட்டம் இருக்கிறது. உங்களிடம் "செத்தது" என்று வாங்கியதை, அடுத்தவரிடம் "நல்ல உயிரோடு இருக்கிறது" என்று விற்பார்கள்.

விற்றுவிடுங்கள் என்று நானே சொல்லும் நிலை ஒன்று உண்டு. கார் வெள்ளத்தில் நின்றிருந்தால். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மழையில் கொஞ்சமாகத் தேங்கிய தண்ணீரில் ஓட்டிப் போனால் ஒன்றும் ஆகாது, பேட்டரிப் பெட்டி அடைத்து மூடியதுதான். கார் கழுவும் இடத்தில் அடியிலிருந்து தண்ணீர் பீய்ச்சினாலும் ஆகாது. நான் சொல்வது, சேற்றுத் தண்ணீரில் மணிக்கணக்காக மூழ்கி நின்ற கார். இருக்கை வரை தண்ணீர் ஏறியிருந்தால் பேட்டரிப் பெட்டி தாங்கியிருந்தாலும் ஆரஞ்சு நிறக் கேபிள்களின் இணைப்பில், கார்பெட்டுக்கு அடியில் போகும் வயர்களில், கம்ப்யூட்டர் பெட்டிகளில் உப்பும் சேறும் உட்கார்ந்துவிடும். அன்றைக்கு ஓடும், அடுத்த மாதமும் ஓடும். எட்டு மாதம் கழித்து ஒரு ஈரமான காலையில் மின்கசிவு என்று சொல்லி நின்றுவிடும். 400 வோல்டுக்குக் கிட்டத்தட்ட இருக்கும் வண்டியில் கசிவு என்றால் விளையாட்டில்லை. அதுவும் கடலோரத் தண்ணீர் என்றால் இன்னும் மோசம்.

2022 ஏப்ரல் 11, 12-இல் டர்பனில் வந்த வெள்ளம் நினைவிருக்கிறதா? பிராஸ்பெக்டனில் டொயோட்டா தொழிற்சாலையே மூழ்கி, ஆயிரக்கணக்கான புதுக் கார்களை நசுக்கி அழித்தார்கள். தயாரித்தவன் ஓட்டத் தகாதது என்று நசுக்கினான். ஆனால் ஊர் மக்களின் முற்றத்தில் மூழ்கிய கார்கள் எங்கே போயின? இன்ஷூரன்ஸ் காசு கொடுத்து எடுத்தவை ஏலத்துக்குப் போயின, ஏலத்திலிருந்து உள்நாட்டுக்குப் போயின, துடைத்து மினுக்கித் திரும்பி வந்தன. பழுது பார்த்துக் கட்டிய வண்டி என்றால் பதிவுக் காகிதத்தில் கோட் 3 என்று இருக்க வேண்டும். ஆனால் தேறாது என்று இன்ஷூரன்ஸ் கைவிட்ட கார் காகிதத்தில் கோட் 2-ஆகவே, சாதாரணப் பழைய கார்போலவே, நீடிக்க இங்கே வழி இருக்கிறது. வருடக்கணக்காக எல்லோரும் கத்துகிறோம், அதிகாரிகள் இன்னும் கூட்டம் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆகவே "கௌட்டெங் கார், அங்கே ஏது வெள்ளம்" என்று வியாபாரி சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், முடிவில் சேற்றுக் கோடு தெரியும். டிக்கி கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள், இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துருவைத் தேடுங்கள். வாசனைத் திரவியம் அதிகமாக அடித்திருந்தால் அப்படியே இறங்கி வந்துவிடுங்கள்.

இந்த அரசாங்கத்தை நம்பி மலிவாகப் புதுக் கார் வரும் என்று காத்திருக்கவும் முடியாது. ஐரோப்பாவிலிருந்து வரும் பெட்ரோல் காருக்கு இறக்குமதி வரி 18 சதவீதம், மின்காருக்கு 25. 2023 டிசம்பரில் மின்கார்களைப் பற்றி அரசாங்கக் கொள்கையைச் சொல்லும் ஒரு வெள்ளை அறிக்கை போட்டார்கள். அதன் பலனாக வந்த வரிச் சலுகை தொழிற்சாலை போடுகிறவர்களுக்கு. வாங்குகிற உங்களுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை. நம் நாட்டிலேயே ஜூல் என்று ஒரு மின்கார் செய்து 2008-இல் பாரிஸில் காட்டினார்கள், 2012-இல் கடையை மூடினார்கள். அதைப் பேசினால் இந்தப் பதில் முடியாது.

போனில் "நீட்டித்த வாரண்டி" விற்கிறவர் கூப்பிட்டால், பெரிய பேட்டரி அதில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அத்தோடு அழைப்பு துண்டாகிவிடும். மற்றபடி, சார்ஜ் முழுதாக ஏறிய காரை வெயிலில் நாள் முழுக்க நிறுத்தாதீர்கள். டைமர் வைத்து, நீங்கள் கிளம்பும் நேரத்துக்குச் சற்று முன்னால் நிரம்புகிறமாதிரி செய்யுங்கள். பிரேக் அதிகம் உழைக்காததால் நம் கடல்காற்றில் டிஸ்க் துருப்பிடிக்கும், வாரத்தில் ஒரு நாள் காலியான சாலையில் இரண்டு மூன்று முறை அழுத்தமாகப் பிரேக் பிடியுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. தங்கை மகனுக்கு போன் வித்தை தெரியும்தானே? பழுது பார்க்க ஸ்டீயரிங்குக்குக் கீழே வைத்திருக்கும் OBD சாக்கெட்டில் செருகும் சின்ன ப்ளூடூத் கருவி ஒன்றும் லீஃப் ஸ்பை என்ற ஆப்பும் வாங்கச் சொல்லுங்கள். அதில் பேட்டரியின் 96 செல் ஜோடிகளும் வரிசையாக நிற்கும் கோடுகளாகத் தெரியும். எல்லாம் ஒரே உயரத்தில் இருந்தால் நிம்மதியாக ஓட்டுங்கள். சார்ஜ் குறையும்போது ஒன்றிரண்டு மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்ந்து விழுந்தால் அந்த மாட்யூலை மட்டும் மாற்றலாம், பேட்டரி முழுதும் வேண்டாம். ஆனால் 300 கிலோ பேட்டரியைக் கீழே இறக்கும் வேலை அது. பின்கட்டில் ஜாக் போட்டுச் செய்கிறேன் என்று யார் வந்தாலும் விடாதீர்கள். சார்ஜ் 20 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும்போது அந்தத் திரையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டு மாட்யூல் மாற்ற வேண்டுமா என்று சொல்கிறேன்.