அப்பாவின் மழைக் கணக்கு

அன்புள்ள ஐயா,

என் அப்பா மின்வாரியத்தில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலத்தின் பெரும்பகுதி குந்தா, அவலாஞ்சி, அப்பர் பவானி என்று நீலகிரி முகாம்களிலேயே கழிந்தது. ஓய்வுக்குப் பிறகு கோவையில் வீடு கட்டினோம். ஆனால் மாதத்தில் பாதி நாள் மலையில்தான் இருப்பார். எழுபத்தெட்டு வயதிலும் நடந்தார். வீட்டு முற்றத்தில் ஒரு மழைமானி வைத்திருந்தார், அதன் பக்கத்தில் அம்மாவைத் துணி காயப்போட விடமாட்டார். சென்ற ஐப்பசியில் காலமானார்.

முதலாண்டு நினைவுக்கு ஒரு சிறிய மலர் கொண்டுவருகிறோம். என் சித்தப்பா மகன் சூழலியல் இயக்கங்களில் இருப்பவன். துக்க வீட்டிலேயே, “சோலைகளை மூழ்கடித்த அணைகளில் சம்பளம் வாங்கியவரை இயற்கை ஆர்வலர் என்று எப்படிப் போடுவீர்கள்?” என்று கேட்டுவிட்டான். அது எனக்குள் குத்திக்கொண்டே இருக்கிறது. மலரில் இதற்குப் பதில் சொல்ல வேண்டுமா? அப்பாவின் நோட்டுகளில் ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். எல்லாம் எண்கள்தான், உணர்வு என்று ஒரு வரி இல்லை. உறவினர்களிடம் இரங்கல் குறிப்புகளும் வாங்கி வைத்திருக்கிறோம். நான் எழுதிய முன்னுரையையும் அட்டைப் படத்தையும் நோட்டின் ஒரு பக்கத்தையும் இணைத்திருக்கிறேன். அவர் நடந்த இடங்களுக்குப் போக எனக்கும் ஆசை. நல்ல மலையேற்றக் குழு ஏதாவது தெரியுமா?

(பெயர் வேண்டாம்), கோவை

*

அன்புள்ள நண்பருக்கு,

நினைவு மலர்களை உட்கார்ந்து முழுதாக வாசிக்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. தபாலில் வருகிறவை, கருமாதி வீட்டில் கையில் திணிக்கப்படுகிறவை எல்லாவற்றையும் வாசிப்பேன். கொஞ்ச நாளாகவே ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. எல்லா மலரிலும் ஒரே மனிதர்தான் இறந்திருக்கிறார். எளிமையானவர், பண்பாளர், கடும் உழைப்பாளி, இயற்கையை நேசித்தவர். பெயரையும் படத்தையும் மாற்றிவிட்டால் யார் வீட்டுக்கும் பொருந்தும். உங்கள் முன்னுரையும் அந்த ரகம்தான். “ஓய்வுக்குப் பின் தன் கனவுகளைத் தேடி மலைக்குச் சென்ற இயற்கையின் காதலர்” என்று எழுதியிருக்கிறீர்கள். கிழித்துப் போடுங்கள். உங்கள் அப்பா அதை வாசித்திருந்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தந்திருப்பார்.

தம்பியின் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். குந்தா நீர்மின் திட்டத்தின் முக்கிய அணைகள், காமன்வெல்த் நாடுகளின் வளர்ச்சி உதவி ஏற்பாடான கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா தந்த உதவியோடு எழும்பியது 1960-களில். உங்கள் அப்பா அப்போது மாணவர். அவர் பார்த்தது கட்டி முடித்ததைக் காப்பாற்றும் வேலை. அப்பர் பவானியில் விழுந்த மழை அவலாஞ்சி, எமரால்டு வழியாக இறங்கி, குந்தா, கெத்தை, பரளி என்று ஒவ்வொரு மின்நிலையத்திலும் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பில்லூருக்கு வருகிறது. அங்கிருந்து கோவைக்குக் குடிநீர். மிச்சம் பவானிசாகர் போய் வயலுக்கு. ‘அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தானே பேசுகிறாய்’ என்று தம்பியிடம் கேட்டுவிடாதீர்கள். அது மலிவான வாதம். சோலையும் புல்வெளியும் மூழ்கியது உண்மை. அந்த மலையின் மேற்குச் சரிவில், அப்பர் பவானியை ஒட்டிக் கிடக்கும் கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் (சைலன்ட் வேலி) அதேபோன்ற ஒரு நீர்மின் திட்டத்தை மக்கள் எதிர்த்து நிறுத்தினார்கள், 1984-ல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அப்படிக் கேட்கிறவர்கள் இருந்ததால்தான் அந்தக் காடு மிஞ்சியது. தம்பி கேட்டது சரியான கேள்விதான். கேட்ட இடம்தான் தப்பு. பிணம் எடுக்காத வீட்டில் என்ன பேச்சு?

எனக்குக் கோபம் அவன்மேல் இல்லை, உங்கள்மேல்தான். “எல்லாம் எண்கள்தான்” என்று எழுதியிருக்கிறீர்களே, நீங்களே அனுப்பிய பக்கத்தைப் பார்த்தீர்களா? ஒரு ஆடி மாதத்து வரி இது:

8.30 – 61.4 – காற்று மே. – வி-நாட்ச் தெளிவு – கட. 2+1

காலை எட்டரைக்கு மழைமானியை அளப்பது நாடு முழுக்க உள்ள வழக்கம். 61.4 என்பது மில்லிமீட்டர். வரைபடத்தைப் பார்த்து எழுதிய எண் அல்ல அது. யாரோ ஒருவர் கொட்டுகிற மழையில் கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய், ஐந்து அங்குலப் புனலுக்கு அடியில் சேர்ந்த நீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, குனிந்து கண்மட்டத்தில் வைத்துப் படித்த எண். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது என்று நாடே பேசியதே, அதையும் இப்படிப் போய் நின்று யாரோ அளந்ததால்தான் பேச முடிந்தது. வி-நாட்ச் என்பது அணைக்குள் ஓடும் கேலரி என்ற நடைவழியில் கசிவுநீரை அளக்கும் முக்கோண வெட்டு. அணை என்றால் கசியும். கசிவின் அளவு திடீரென்று ஏறக்கூடாது, கசிகிற நீர் கலங்கியும் வரக்கூடாது. கலங்கினால் உள்ளே எதுவோ கரைந்து வருகிறது என்று பொருள். ஆடி மழையில் நிரம்பி நிற்கும் அணைக்குள் இருட்டுப் படிகளில் இறங்கி, டார்ச் அடித்துப் பார்த்து, ‘தெளிவு’ என்று எழுதியிருக்கிறார். அன்று கீழே இருந்த ஊர்கள் நிம்மதியாகச் சாப்பிட்டன.

கடைசியில் இருப்பது கடமான். இரண்டு பெரியது, ஒரு குட்டி. எந்த ஊர் மின்வாரியப் பதிவேட்டில் கடமானுக்குப் பத்தி இருக்கிறது? அவராகப் போட்டுக்கொண்ட பத்தி அது. மழைக்கும் கசிவுக்கும் பக்கத்தில், அதே மையில். உணர்வு இல்லை என்கிறீர்கள். நான் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொள்ளாச்சியில் எங்கள் தெருவில் ஒரு பொறியாளர் இருந்தார். பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்லூரி நாட்களில் அவர் பின்னாலேயே சுற்றியவன் நான். வனத்துறையில் சீட்டு வாங்கிக்கொண்டு வால்பாறைக்கு மேலே புல்மலைக்கு அழைத்துப் போவார். முதல் முறை அந்த மலைமடிப்புகளைப் பார்த்ததும், “என்ன அழகு சார்!” என்றேன். நின்றுவிட்டார். “எது அழகு? சொல்லு.” எனக்குச் சொல்லத் தெரியவில்லை. “மரம் எங்கெல்லாம் நிக்குது, பாரு.” பார்த்தேன். மடிப்புகளில் மட்டும் சோலை, முதுகு முழுக்கப் புல். “ஏன்?” தெரியவில்லை. “ஜனவரியில வா, தெரியும்” என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கிவிட்டார். ஜனவரியில் போனபோது விடிகாலையில் புல் வெள்ளையாக உறைந்து கிடந்தது. வெட்டவெளியில் முளைக்கிற மரக்கன்றை உறைபனி கருக்கிவிடும், சோலைக்குள் மரக்கூரை பனியை அண்டவிடாது என்று அப்போதுதான் விளக்கினார். உறைபனி ஒன்றுதான் காரணமா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கலாம். எனக்கு முக்கியம், ஒரு ‘ஏன்’-க்காக அவர் என்னை மாதக்கணக்கில் காக்க வைத்தது. அதற்குப் பிறகு அவர் முன்னால் நான் ‘அழகு’ என்று சொன்னதில்லை. சாதாரணமாகத் திட்டமாட்டார், ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டால் முகம் சுண்டிவிடும்.

இந்த மனிதர்களை நாம் இரண்டாக வெட்டுகிறோம். ஐம்பத்தெட்டு வயது வரை கோப்பு, கான்கிரீட், சம்பளம். அதற்குப் பிறகு தொப்பி, கைத்தடி, இயற்கை. தம்பி முதல் பாதியை எடுத்துக்கொண்டு திட்டுகிறான், நீங்கள் இரண்டாம் பாதியை எடுத்துக்கொண்டு கொண்டாடுகிறீர்கள். இருவரும் செய்வது ஒரே வேலை.

நீலகிரியிலேயே, கிளென்மார்கனில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். பைக்காரா நீரைச் சிங்காரா மின்நிலையத்துக்கு மூவாயிரம் அடி கீழே குழாயில் இறக்கும் அதே பகுதி. 1932-லிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை மண்வள ஆராய்ச்சிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டார்கள், இன்னொன்றில் தைலமரம் நட்டார்கள். முதல் பத்தாண்டில் தைலமரம் நட்ட பக்கம் ஓடைநீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. புல்வெளி வெறும் தரிசு, அதில் மரம் நடுவதே காடு வளர்ப்பது என்று நம்பி, தைலத்தையும் சீகை என்கிற வாட்டில் மரத்தையும் மலை மலையாக நட்டுத்தள்ளிய நாட்டில் இது எவ்வளவு பெரிய சேதி! அணைக்கு வரும் நீரை அன்றாடம் அளக்கிறவனுக்குப் புல்வெளியின் அருமை கவிதையில் தெரிய வேண்டியதில்லை, கணக்கிலேயே தெரிந்துவிடும். ஓய்வு பெற்ற பிறகும் உங்கள் அப்பா ஏன் அந்த மேட்டிலேயே போய் நின்றார் என்று கேட்டுப் பாருங்கள். முப்பது வருஷம் வரவு எழுதியவர், கடைக்கு எங்கிருந்து சரக்கு வருகிறது என்று தெரிந்துகொண்டவர், சும்மா இருப்பாரா?

அணையில் வேலை பார்த்ததால் அவர் குற்றவாளி ஆகவில்லை, மலையில் நடந்ததால் குற்றம் கழியவும் இல்லை. அவர் நாற்பது வருஷம் ஒரே இடத்தைப் பார்த்தார். மலரில் அதைப் போடுங்கள். நோட்டில் முப்பது பக்கத்தை அப்படியே படமெடுத்து அச்சிடுங்கள். தட்டச்சு செய்து அழகுபடுத்தாதீர்கள். அடித்தல் திருத்தல் இருக்கட்டும். ‘கட.’ என்றால் என்ன, ‘வி-நாட்ச்’ என்றால் என்ன என்று கீழே ஒரு வரி போதும். மிஞ்சிய நோட்டுகளை ஊட்டியிலோ கோவையிலோ நீரியல் படிக்கும் பிள்ளைகளுக்குப் பிரதி எடுத்துக் கொடுங்கள். தொடர்ச்சியான மழைப் பதிவுக்கு அவர்கள் அலைகிறார்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்திலும் முன்னுரையிலும் அப்பா தனியாகவே நடக்கிறார். யாராவது அந்த மலையில் தனியாக நடப்பார்களா? யானை இருக்கிற காடு, நொடியில் மூடிவிடும் மூடுபனி. முகாம் ஹெல்பர், வாட்சர், வழி தெரிந்த படுகர் வீட்டுப் பெரியவர், யாரோ ஒருவர் முன்னால் போயிருப்பார். அந்த மழைமானியைக்கூடப் பல நாள் அவர்தான் அளந்திருப்பார். அம்மாவிடம் கேளுங்கள், பெயர் சொல்லுவார். அவர்களில் உயிரோடு இருப்பவர்களைப் போய்ப் பாருங்கள். உறவுக்காரர்களிடம் வாங்கி வைத்திருக்கிற இரங்கல் குறிப்புகளை எடுத்துவிட்டு, அந்தப் பக்கங்களை அவர்களுக்குக் கொடுங்கள். அட்டைப் படத்தில் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கிற காக்கிச் சட்டைக்காரர் யார்? முழுப் படத்தைப் போடுங்கள்.

மலையேற்றக் குழு எதுவும் எனக்குத் தெரியாது, கூட்டமாக நடப்பது எனக்குப் பிடிப்பதும் இல்லை. வனத்துறையே 2024-லிருந்து இணையத்தில் பதிவு வைத்து வழிகாட்டியோடு அனுப்புகிறது. அவலாஞ்சியிலிருந்து கோலரிபெட்டா போகும் பாதையும் அந்தப் பட்டியலில் உண்டு. தம்பிக்கும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே வருவான். வரட்டும், பேச ஆள் வேண்டுமல்லவா? அட்டை கடிக்கும், மழைக்காலம் என்றால் உப்பும் புகையிலையும் எடுத்துப் போங்கள். மலர் அச்சானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். முன்னுரையை மாற்றாமல் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.