வாலிஸ் மயர்ஸ்: கேட்டவர்களுக்குப் பதில்

டென்னிஸ் எழுத்தின் முன்னோடிகளில் ஒருவரான ஆர்தர் வாலிஸ் மயர்ஸ் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். நான் மாவட்ட அளவில் ஆடியவன். இப்போது சின்னப் பத்திரிகை ஒன்றுக்கு ஆட்டக் குறிப்புகள் எழுதுகிறேன். எனக்கு மயர்ஸ் மேல் தனி மரியாதை உண்டு.

மதுரை வாசகர்: சார், இந்தப் பேரையே நான் கேள்விப்பட்டதில்லை. யார் இவர்?

1878 ஜூலை 24 அன்று இங்கிலாந்தின் கெட்டரிங்கில் பிறந்தவர். 1909 முதல் கடைசிவரை டெய்லி டெலிகிராப் நாளிதழின் டென்னிஸ் நிருபர். 1908 முதல் 1938 வரை ஏயர்ஸ் டென்னிஸ் ஆண்டுமலரின் ஆசிரியரும் அவரே. வெளிநாட்டு அணிகளை வரவேற்று ஆட வைப்பதற்காக 1924இல் இன்டர்நேஷனல் லான் டென்னிஸ் கிளப்பைத் தொடங்கினார். முன்னாள் பிரிட்டிஷ் பிரதமர் பால்ஃபர் அதன் முதல் தலைவர். பின்னால் பிரான்ஸ், அமெரிக்கா என்று பல நாடுகளில் இதே மாதிரி கிளப்புகள் வந்தன. இத்தனைக்கும் நடுவில் தானும் மட்டையைத் தூக்கிக்கொண்டு போட்டிகளில் ஆடினார்.

கோவை வாசகி: உலகத் தரவரிசையை இவர்தான் ஆரம்பித்தார் என்கிறார்களே?

1913 முதல் ஆண்டுதோறும் உலகின் முதல் பத்து ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்தி வெளியிட்டவர் இவர். அந்த ஆண்டு முதலிடம் நியூசிலாந்தின் ஆண்டனி வைல்டிங்குக்கு. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் மக்லாக்லினுக்கு. ஆண்கள் ஆட்டத்தில் கணினித் தரவரிசை வந்தது 1973இல்தான். அதுவரை நிபுணர்களின் கணிப்புதான். மயர்ஸுக்குப் பிறகு அதே டெலிகிராப்பில் ஜான் ஆலிஃப், லான்ஸ் டிங்கே ஆகியோர் இந்த வேலையைத் தொடர்ந்தார்கள்.

ஒரு தனி மனிதர் போட்ட பட்டியலை உலகம் எப்படி ஏற்றது என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் ஜூனியர் அணித் தேர்வுக்கு உட்கார்ந்தபோது எனக்கு அது புரிந்தது. இரண்டு பையன்கள், இருவருமே 6–4, 6–4 என்று ஜெயித்திருந்தார்கள். தாளில் வித்தியாசமே இல்லை. ஆனால் ஒருவன் பேக்ஹேண்ட் (புறங்கை) பக்கம் வந்த பந்தையெல்லாம் சுற்றிப் போய் ஃபோர்ஹேண்டில் (உள்ளங்கை வீச்சில்) அடித்தான். இரண்டாவது செட் பாதியில் அவன் கால் தளர்ந்துவிட்டது. எதிராளி கொஞ்சம் கெட்டிக்காரனாக இருந்திருந்தால் அன்றைக்கே தோற்றிருப்பான். இதைக் கோர்ட் ஓரத்தில் நின்றவர்தான் சொல்ல முடியும், அதுவும் தானே ஆடிக் களைத்தவராக இருக்க வேண்டும். மயர்ஸ் கோடையில் இங்கிலாந்துப் புல்தரையிலும் குளிர்காலத்தில் பிரான்ஸின் தென்கடலோரமான ரிவியேராவிலும் இப்படி வருஷக்கணக்கில் நின்று பார்த்தவர். அவர் சொல்லுக்கு எடை வந்தது அதனால்தான்.

திருநெல்வேலி வாசகர்: அமெச்சூர், அதாவது காசுக்கு ஆடாத ஆட்டக்காரர் பத்திரிகைக்கு எழுதிக் காசு வாங்கலாமா? விதி இடம் கொடுத்ததா?

நல்ல கேள்வி. மயர்ஸுக்கு எழுத்துதான் தொழில், ஆட்டம் விருப்பம். சிக்கல் வந்தது பெரிய நட்சத்திரங்களுக்கு. 1928இல் அமெரிக்க ஆட்டக்காரர் பில் டில்டன் தான் ஆடிய விம்பிள்டனைப் பற்றிப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதினார் என்று அமெரிக்க டென்னிஸ் சங்கம் அவரை, நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பைக்கான அணியிலிருந்து நீக்கியது. பிரான்ஸில் ஒரே கொந்தளிப்பு. அந்த வருஷ டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டி பாரிஸில். அதற்காகவே ரோலாண் காரோஸ் அரங்கத்தைப் புதிதாகக் கட்டி வைத்திருந்தார்கள். டில்டன் இல்லாமல் யார் பார்க்க வருவார்கள்? அமெரிக்கத் தூதர் வரை தலையிட்டு அவரை ஆட வைத்தார்கள். டில்டன் பிரான்ஸின் லகோஸ்டை வீழ்த்தினார், ஆனாலும் கோப்பை பிரான்ஸுக்கே. அது முடிந்த கையோடு மறுபடி தடை. அந்த வருஷ அமெரிக்கச் சாம்பியன்ஷிப்பில் அவர் ஆடவில்லை. நான்கு வரி எழுதியதற்கு இவ்வளவு தண்டனையா என்று எனக்கு இன்றும் ஆறவில்லை.

சேலம் வாசகர்: இவர்தான் முதல் டென்னிஸ் எழுத்தாளரா?

இல்லை. ‘கேவெண்டிஷ்’ என்ற புனைபெயரில் எழுதிய ஹென்றி ஜோன்ஸ் முந்தையவர். மருத்துவர், சீட்டாட்ட நிபுணர், ‘தி ஃபீல்ட்’ இதழில் எழுதியவர். 1877இல் நடந்த முதல் விம்பிள்டனுக்கு நடுவரும் அவரே.

தஞ்சை வாசகி: மயர்ஸ் எழுதியதில் எதை முதலில் படிக்கலாம் ஐயா?

வைல்டிங்கின் வாழ்க்கை வரலாறு, 1916. வைல்டிங் 1910 முதல் 1913 வரை தொடர்ந்து நான்கு முறை விம்பிள்டன் வென்றவர், மயர்ஸின் நண்பர். 1915 மே 9 அன்று பிரான்ஸில் போர்முனையில், 31 வயதில், பதுங்குகுழி மேல் குண்டு விழுந்து இறந்தார். முந்தைய நாள் எழுதிய கடிதத்தில், கையில் இருக்கும் வேலையில் பீரங்கியும் தானும் சேர்ந்தே சிதறக்கூடும், ஆனால் ஜெயித்தால் காலாட்படைக்குப் பெரிய உதவி என்று சொல்லியிருந்தார். அந்த வரிகளுக்கு வரும்போதெல்லாம் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன்.

சென்னை வாசகர்: விம்பிள்டன் காலிறுதி வரை போன நம்மவர் கவுஸ் முகமதின் ஆட்டத்தை அவர் பார்த்தாரா?

அந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை. மயர்ஸ் 1939 ஜூன் 17 அன்று எப்சமில் காலமானார். விம்பிள்டன் தொடங்கியது ஜூன் 26. அந்த ஆண்டுதான் கவுஸ் முகமது காலிறுதிக்குப் போனார், இந்தியர்களில் முதல் ஆளாக. அங்கே அவரை வென்ற பாபி ரிக்ஸ்தான் கடைசியில் சாம்பியன்.