எடை கூட்டும் கன்றுகளுக்கான மக்காச்சோளச் சைலேஜை எந்தப் பருவத்தில் அறுக்க வேண்டும்?

ஆண்பூ வந்ததும் அறுத்துவிட்டால் தட்டை பசுமையாக இருக்குமே, கதிர் முற்றும்வரை எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அன்றாடம் வெட்டிப் பச்சையாகப் போடுவதற்கு அந்தப் பருவம் பொருந்தும். குழியில் சைலேஜ் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைக்கும் பசுந்தீவனம்) போட்டு எருமைக் கடாக் கன்றுகளுக்கு எடை கூட்டுவதே நோக்கமென்றால், பெரம்பலூர்க் கரிசலில் புரட்டாசியில் விதைத்து அந்தச் சைலேஜையே கன்றுகளுக்குப் போட்டு வளர்ப்பவன் என்ற முறையில் நான் உறுதியாகச் சொல்வேன்: மணி பிடிக்காத பயிரை அறுக்காதீர்கள்.

காரணம் எளியது. கன்றின் உடம்பில் எடையாக ஏறுவது பெரும்பாலும் மணியிலுள்ள மாவுச்சத்துதான். நன்கு விளைந்த பயிரின் உலர் எடையில் ஏறத்தாழப் பாதி கதிரிலேயே இருக்கிறது. ஆண்பூப் பருவத்தில் தட்டையில் நூற்றுக்கு எண்பது பங்கு நீர் இருப்பதால், குழியில் மிதித்து அழுத்தும்போது சர்க்கரைச் சத்தும் சாறோடு வடிந்துபோகும். எஞ்சியது சரியாகப் புளிக்காமல், மாடு முகர்ந்துவிட்டு ஒதுங்கும் அழுகல் நாற்றம் எடுக்கும். இதனால்தான் தீவனத்துக்கென்று நெருக்கி விதைக்கும் ஆப்பிரிக்கன் டால் இரகத்தைவிட, 60 செ.மீ. பாருக்கு 25 செ.மீ. இடைவெளியில் நடும் தானிய வீரிய ஒட்டு இரகத்தையே நான் விரும்புகிறேன். 2018-இல் நம் நாட்டுக்குள் வந்த படைப்புழுவிடமிருந்து குருத்தைக் காப்பதும் இந்தக் கதிருக்காகத்தான்.

நாட்களை எண்ணி அறுப்பதை நான் நம்புவதில்லை. மழையும் இரகமும் அந்தக் கணக்கை மாற்றிவிடும். வயலின் ஓரத்தை விட்டு உள்ளே சென்று சில கதிர்களை நடுவில் ஒடித்துப் பாருங்கள். மணியின் தலைப்பகுதி மஞ்சளாகக் கெட்டிப்பட்டும், அடிப்பகுதி வெண்மையாகவும் இருக்க, இரண்டுக்கும் இடையில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு மணியின் பாதியைத் தாண்டும் சமயத்தில் முழுப் பயிரின் உலர்பொருள் (நீர் நீங்கலான பங்கு) பொதுவாக 30 முதல் 35 சதவீதத்தை எட்டியிருக்கும். நறுக்கிய தீவனத்தை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் சாறு சொட்டாமல் உள்ளங்கை மட்டும் ஈரமாகி, விரலை விரித்ததும் உருண்டை மெல்ல அவிழ வேண்டும். சொட்டினால் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். உருண்டையே பிடிக்கவில்லையென்றால் தாமதமாகிவிட்டது, அப்படிப்பட்ட தட்டை இறுகாமல் காற்றை உள்ளே வைத்துக்கொண்டு பூசணம் பிடிக்கும். நம் ஊர் நறுக்கும் இயந்திரங்களில் மணியை உடைக்கும் உருளைகள் பெரும்பாலும் இல்லாததால், முற்றிய மணி அப்படியே சாணத்தில் வெளியேறுவதைக் காணலாம். அதற்காகவும் மணி முழுதாகக் கெட்டிப்படும் முன்பே அறுப்பது நல்லது.

தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுத்து, ஒன்று அல்லது இரண்டு செ.மீ. நீளத்தில் நறுக்கி, அரையடிக்கு மேற்படாத அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கின் மீதும் டிராக்டரை ஏற்றி அழுத்த வேண்டும். சுவரோரங்களில் டயர் படாது. அங்கே ஆட்களை விட்டு மிதிக்கச் செய்யுங்கள், கெட்டுப்போவது அங்கிருந்துதான் தொடங்குகிறது. மூடிய குழியை 45 நாட்களுக்கு முன் திறக்க வேண்டாம்.

உங்கள் கேள்வியில் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். மக்காச்சோளச் சைலேஜின் உலர்பொருளில் புரதம் எட்டு சதவீத அளவிலேயே இருக்கும். வளரும் கன்றுக்கு அது போதாது. 200 கிலோ எடையுள்ள கன்றுக்கு நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ சைலேஜ் தருகிறீர்களென்றால், அதோடு கடலைப் பிண்ணாக்கோ பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கோ ஒரு கிலோ அளவிலும், தாது உப்புக் கலவையும், கொஞ்சம் உலர் தட்டையும் கட்டாயம் கொடுங்கள். முதல் நாளே முழு அளவைக் கொட்டாமல், பத்து நாட்களில் படிப்படியாக ஏற்றுங்கள்.