மண்டையோடும் கன்னச்சிவப்பும்

வணக்கம்.

அமெரிக்க ஓவியர் எலிசபெத் பெய்டனின் ஓவியங்களைப் பார்த்தபின் ஒரு இளம்பெண் முகத்தை ஆயில் பெயிண்டில் வரைந்தேன். இந்த அழகு நிலைக்காது என்று தோன்றட்டும் என்று பக்கத்தில் ஒரு மண்டையோடும் வைத்தேன். படம் சுவரொட்டி மாதிரி ஆகிவிட்டது. முகமோ மெழுகு பொம்மை. எங்கே தவறு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மண்டையோடு வந்ததுமே முகத்துக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. 1994இல் 27 வயதில் இறந்த ராக் பாடகர் கர்ட் கோபேனை, பெய்டன் பத்திரிகைப் புகைப்படங்களைப் பார்த்துச் சிறிய அளவில் வரைந்தார். வெளிறிய தோல், சிவந்த உதடு, நீர்த்த வண்ணம். சாவை, பார்ப்பவரே மனதில் சேர்த்துக்கொள்கிறார்.

மெழுகுத்தன்மைக்குக் காரணம் பெரும்பாலும் டைட்டானியம் வெள்ளை. எல்லா நிறத்திலும் அதைக் கலந்தால் ஒளி மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். தோலிலோ ஒளி சற்று உள்ளே போய்ச் சிதறித்தான் வெளியே வருகிறது. அதனால் வெண்மையை அடித்தளத்திலிருந்து வரவிடுங்கள். பலகையில் கெஸ்ஸோ என்கிற வெள்ளை அடிப்பூச்சு நான்கு முறை. ஒவ்வொன்றும் காய்ந்ததும் 400ஆம் எண் உப்புத்தாள். கண்ணாடி போல வழவழப்பாக்கினால் வண்ணம் பிடிக்காது, பின்னாளில் உரியும்.

முதலில் நிழல்களில் மட்டும் டெர் வெர்ட் என்கிற மண்பச்சை, டர்பன்டைனில் நீர்க்க. டர்பன்டைன் அளவு மீறினால் எண்ணெய்ப் பிடிப்பு போய், துணியால் துடைத்தாலே சுண்ணாம்புபோல வந்துவிடும். காய்ந்தபின் காவி மஞ்சள், கொஞ்சம் வெள்ளை, துளி சிவப்பு. தாடை ஓரத்திலும் கண்ணுக்குக் கீழும் பச்சையை முழுக்க மூடாதீர்கள். அதுவும் காய்ந்தபின்தான் ரோஜா நிறம்: ஒரு பங்கு வண்ணத்துக்கு மூன்று பங்கு ஆளிவிதை எண்ணெய்க் கலவை. கன்னம், மூக்கு நுனி, காது மடல், அவ்வளவுதான்.

1400 வாக்கில் இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி எழுதிய கைநூலில் இறந்தவர் முகத்துக்கு ஒரு விதி உண்டு: இளஞ்சிவப்பே பூசாதே. ஆக, உயிருக்கும் பிணத்துக்கும் நடுவே இருப்பது அந்த ஒரு பூச்சு. அதைக் கொஞ்சம் குறைவாகவே நிறுத்துங்கள். நீங்கள் மண்டையோட்டிடம் கேட்டது அங்கே கிடைக்கும்.

ரோஜா நிறத்துக்கு அசல் அலிசரின் சிவப்பு வேண்டாம், குவினாக்ரிடோன் என்கிற நிறமி உள்ளதை வாங்குங்கள். மெல்லிய பூச்சில் அலிசரின் வெளிச்சம் பட்டு மங்கும். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கில ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் வரைந்த முகங்கள் இப்படிச் சிவப்பு போய் அவர் காலத்திலேயே வெளிறின. வேண்டுமென்றே மங்கவிடலாமே என்று தோன்றும். எனக்கு அது வெறும் வித்தை காட்டுவதாகத்தான் படுகிறது.

பழைய பலகையில் திருத்த முயலாதீர்கள். உலர்ந்த மண்டையோட்டின் மேடு, எத்தனை பூச்சு போட்டாலும் பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரியும்.