தாய் சி செய்கிறேன், நடைப்பயிற்சியை விட்டுவிடலாமா?

கேள்வி: என் வயது 68. ரத்த அழுத்தத்துக்காக ஏழு வருடங்களாக மெட்டோப்ரோலால், ஆம்லோடிபின் மாத்திரைகள் சாப்பிடுகிறேன். வலது முழங்காலில் மூட்டுத் தேய்மானம் உண்டு. சிங்கப்பூரில் மகள் வீட்டில் நான்கு மாதம் தங்கியிருந்தபோது, அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் தாய் சி என்ற மெதுவான அசைவுப் பயிற்சி செய்யும் சீனப் பெரியவர்களுடன் சேர்ந்து கற்றுக்கொண்டேன். ஊருக்குத் திரும்பிய பிறகும் தினமும் செய்கிறேன். முழங்கால் வலிப்பதால் நடப்பதை நிறுத்திவிட்டேன். மகள் வாங்கித் தந்த வாட்சில் இதயத்துடிப்பு 90-ஐத் தாண்டுவதே இல்லை. என் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் மறதி நோய் இருந்தது. எனக்கும் இப்போது சிலரின் பெயர் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. இதயத்துக்கும் மூளைக்கும் தாய் சி மட்டும் போதுமா?
- வாசகி, ஈரோடு

பதில்: தாய் சியை விடாதீர்கள். ஆனால், அதற்காக நடையை நிறுத்தியது சரியல்ல. இரண்டும் உடம்பில் வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன.

தாய் சி ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்பது வெறும் நம்பிக்கை அல்ல. பெய்ஜிங்கில் 342 பேரிடம் ஒரு வருடம் நடந்த ஆய்வு 2024-ல் வெளியானது. வாரம் நான்கு நாள், தினம் ஒரு மணி நேரம் தாய் சி செய்தவர்களுக்கு மேல் அளவு சுமார் 7 புள்ளி குறைந்தது. அதே அளவு நேரம் வேகநடை, மெல்லோட்டம், படியேறுதல் போன்றவற்றைச் செய்தவர்களுக்கு 4.6 புள்ளிதான் குறைந்தது. இதைப் படித்துவிட்டுத்தான் பலரும் 'தாய் சியே போதும்' என்கிறார்கள். ஆனால், அந்த ஆய்வில் இருந்தவர்கள் 65 வயதுக்கு உட்பட்டவர்கள். ரத்த அழுத்தம் எல்லைக்கோட்டில் இருந்தவர்கள். மாத்திரை சாப்பிடும் 68 வயதுக்காரருக்கு அந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது.

தாய் சியின் பெரிய பலம் சமநிலை. உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெதுவாக, கவனத்தோடு மாற்றுவதே அதன் அடிப்படை. நாம் தடுமாறும்போது காப்பாற்றுவதும் அதே திறன்தான். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், விழும் அபாயம் உள்ள 70 வயதைக் கடந்த 670 பேரிடம் செய்த ஆய்வு 2018-ல் வந்தது. வாரம் இருமுறை தாய் சி செய்தவர்கள், உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட 58 சதவீதம் குறைவாக விழுந்தார்கள். இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் விழும் முதியவருக்கு இதயமும் மூளையும் சேர்ந்தே தளர்கின்றன என்பதால், இதைச் சாதாரணப் பலனாக நான் நினைக்கவில்லை.

தாய் சியில் குறைவாகக் கிடைப்பது, இதயமும் நுரையீரலும் மூச்சு வாங்க உழைப்பது. உங்களைப் போல நிமிர்ந்த நிலையில் மெதுவாகச் செய்யும்போது அந்த உழைப்பு நிதானமான நடையை ஒட்டித்தான் இருக்கும். வேகநடையில் ரத்தம் விரைந்து ஓடுவதால் ரத்தக்குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து விரிகிறது. மூளையின் மிக நுண்ணிய குழாய்களுக்கும் அந்தப் பலன் போகிறது. 2011-ல் வந்த ஓர் ஆய்வில், வாரம் மூன்று நாள் 40 நிமிடம் நடந்த முதியவர்களுக்கு, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதி ஒரு வருடத்தில் சுமார் 2 சதவீதம் பெரிதானது. நடக்காத குழுவுக்குச் சுருங்கியது. 'நடந்தால் மறதி நோயே வராது' என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன். நடக்காமல் இருக்க வேண்டாம் என்று தாராளமாகச் சொல்வேன்.

இனி உங்கள் வாட்ச். மெட்டோப்ரோலால் இதயத்துடிப்பை அடக்கி வைக்கும் மாத்திரை. நீங்கள் எவ்வளவு வேகமாக நடந்தாலும் துடிப்பு முழுதாக ஏறாது. உச்சத் துடிப்பைக் கணிக்கச் சொல்லும் '220-லிருந்து வயதைக் கழி' என்ற கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. அந்த எண்ணைத் துரத்தினால் அளவுக்கு மீறி உழைத்துவிடுவீர்கள். துடிப்பு ஏறவில்லை என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சட்டென எகிறலாம், நெஞ்சுவலியும் வரலாம். வேகத்தை அளக்கப் பேச்சு போதும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் 15 விநாடியில் 25 காலடி, அதாவது நிமிடத்துக்கு 100 காலடி. முழங்கால் வலியால் அந்த வேகம் வராவிட்டால் பேச்சு அளவையே நம்புங்கள்.

முழங்கால் வலியோடு எப்படி நடப்பது? முதல் வாரம் காலையும் மாலையும் 10 நிமிடம், சமதளத்தில், குதிகாலில் மெத்தை உள்ள ஷூ போட்டு நடங்கள். படி, மேடு இப்போதைக்கு வேண்டாம். வாரம் ஒருமுறை ஒவ்வொரு நடையிலும் 2 நிமிடம் கூட்டுங்கள். நடந்து முடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் வலி கூடுதலாக இருந்தால், அடுத்த நாள் முந்தைய அளவுக்குத் திரும்புங்கள். நடக்கவே முடியாத நாட்களில் நிலையான சைக்கிள் நல்லது. மிதி கீழே வரும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கும்படி இருக்கையை உயர்த்துங்கள். வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடம் என்பது இலக்கு. முடிக்கும்போது சட்டென நிற்காமல் ஐந்து நிமிடம் மெதுவாக நடங்கள். திடீரென நின்றால் ரத்தம் காலிலேயே தங்கி, தலைசுற்றும்.

உங்கள் முழங்கால் வலிக்குத் தாய் சியும் காரணமாக இருக்கலாம். மூட்டுத் தேய்மானத்துக்குத் தாய் சி பரிந்துரைக்கப்படும் பயிற்சிதான். கெடுப்பது செய்யும் முறை. அடிக்கடி நடக்கும் தவறு, முழு எடையும் ஒரு காலில் இருக்கும்போதே அந்தப் பாதத்தைத் திருப்புவது. பாதம் தரையில் பிடித்திருக்க உடல் திரும்பும்போது, திருகல் முழுவதும் முழங்காலில் இறங்கும். முதலில் எடையை மறு காலுக்கு மாற்றிவிட்டு, பிறகு குதிகாலை ஊன்றிப் பாதத்தைத் திருப்புங்கள். முழங்கால் எப்போதும் பாதத்தின் இரண்டாவது விரல் நோக்கும் திசையிலேயே இருக்கட்டும். உள்பக்கம் சாய விடாதீர்கள். குரு தாழ்ந்து நிற்கிறார் என்று நீங்களும் தாழ வேண்டாம். வழுக்காத யோகா விரிப்பின் மேல் செய்யாதீர்கள், அது பாதத்தைத் திரும்ப விடாமல் பிடிக்கும். சாக்ஸ் மட்டும் போட்டு மொசைக் தரையில் செய்வதும் ஆபத்து. பக்கத்தில் ஒரு கனமான நாற்காலி இருக்கட்டும். மூச்சை அடக்காதீர்கள். வாரம் மூன்று நாள், 40 நிமிடம் போதும்.

மூளைக்காக ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். 2023-ல் வந்த இன்னொரு ஓரிகன் ஆய்வில், அசைவுகளைச் செய்துகொண்டே சொற்களை எழுத்துக்கூட்டிச் சொல்ல வைத்தார்கள். லேசான மறதி உள்ளவர்களுக்கு வெறும் தாய் சியைவிட இது கூடுதலாக உதவியது. அசைவுகள் நன்றாகப் பழகிய பின், கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் நிறுத்திவிடுங்கள்.

நடை, தாய் சி இரண்டிலும் குறைவாகக் கிடைப்பது தசைவலு. கைகளை மார்பில் கட்டி, நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து நிற்கிறீர்கள் என்று எண்ணுங்கள். உங்கள் வயதுப் பெண்களுக்கு 11-க்குக் கீழே போனால் தொடை பலவீனம். வாரம் இரண்டு நாள் இதையே பயிற்சியாக 8 முறை, இரண்டு சுற்று செய்யுங்கள். முழங்கால் வலித்தால் இருக்கையில் தலையணை போட்டு உயரமாக்குங்கள்.

தொடங்கும் முன் ஒரு சோதனை: ஐந்து நிமிடம் உட்கார்ந்து ரத்த அழுத்தம் பாருங்கள். பிறகு எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பாருங்கள். நிற்கும்போது மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், பயிற்சியைக் கூட்டும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரை அளவை அவர் மாற்ற வேண்டியிருக்கலாம். 180/110-க்கு மேல் இருக்கும் நாளில் பயிற்சியே வேண்டாம்.

பெயர் சற்று நேரம் கழித்து நினைவுக்கு வந்தால் பெரும்பாலும் வயதின் இயல்பே. பழகிய தெருவில் வழி தவறுவது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, மளிகைக் கணக்கில் குழம்புவது வேறு வகை. உங்களுக்கு அவை தெரியாமல் போகலாம், வீட்டில் உள்ளவர்களைக் கேளுங்கள். எப்படியும் பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனைகளும் காது கேட்கும் திறன் சோதனையும் ஒருமுறை செய்துவிடுங்கள். மூன்றில் எது குறைந்தாலும் மறதி போலவே தெரியும். மூன்றுக்கும் வழி உண்டு.

நடக்கும்போதோ தாய் சி செய்யும்போதோ நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் அங்கேயே உட்காருங்கள். 'வாயுவாக இருக்கும்' என்று வீட்டுக்கு நடந்து வராமல், உடனே 108-ஐ அழையுங்கள்.