சமைக்கிறாள், ஆனால் சாப்பிட மாட்டேன் என்கிறாள்

கேள்வி: என் தங்கைக்கு 18 வயது. இன்ஸ்டாகிராமில் 'ஒரு நாளில் நான் சாப்பிடுவது' என்று யார் யாரோ போடும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, எட்டு மாதமாகச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகிறாள். ஆனால் ராத்திரி ஒரு மணி வரை போர்வைக்குள் சமையல் வீடியோ பார்க்கிறாள். எங்களுக்கு விதவிதமாகச் சமைத்துப் போட்டுவிட்டு, தான் ஒரு வாய்கூடத் தொடுவதில்லை. கேட்டால் "அப்பவே சாப்பிட்டுட்டேன்" என்கிறாள். இது வீம்பா, நடிப்பா? போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத அக்கா

பதில்: அன்புச் சகோதரி, நடிக்கவில்லை அம்மா. அவளுக்குப் பசிக்கிறது.

1945-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான ஆண்களை ஆறு மாதம் அரைவயிற்றோடு வைத்துப் பார்த்தார். அழகைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாதவர்கள். கொஞ்ச நாளில் பேச்சு, நினைப்பு எல்லாமே சாப்பாடு என்றாகிவிட்டது. சமையல் பக்கமே போகாத சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தார்கள். எரிச்சல் கூடியது, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. போர்வைக்குள் உங்கள் தங்கை செய்வதும் அதேதான். அவர்களுக்குக் கிடைத்தது நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. ஆண்களுக்குத் தேவை கூடுதல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்று டயட் வீடியோக்களில் 1,200 என்று எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்கள்!

ஃபிஜித் தீவுகளில் ஒரு பகுதிக்கு 1995-ல்தான் தொலைக்காட்சி வந்தது. எடைக்காக வாந்தி எடுப்பதாக அப்போது அங்கே எந்தப் பள்ளி மாணவியும் சொல்லவில்லை. 1998-ல் ஆன் பெக்கர் என்ற ஆய்வாளரின் குழு மறுபடி கேட்டபோது சுமார் 11 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். அதுவாவது ஊருக்கே ஒரே படத்தைக் காட்டிய பெட்டி. போன் அப்படியா? அவள் எந்த வீடியோவில் ஒரு நொடி நின்றாளோ, அதே மாதிரி இன்னும் பத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறது.

அதற்காகப் பிடுங்காதீர்கள். அவளுடைய தோழிகளும் அதற்குள்தான் இருக்கிறார்கள். பிடுங்கினால் ஒளிக்கக் கற்றுக்கொள்வாள். பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மாதிரிப் பக்கங்களை இருவருமாக நீக்குங்கள்.

ஆனால் போனைவிட அவசரம், டாக்டர். மாதவிலக்கு நின்றிருக்கிறதா? எழுந்தால் தலை சுற்றுகிறதா? எப்போதும் குளிர்கிறது என்கிறாளா? சாப்பிட்ட கையோடு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுகிறாளா? விரல் முட்டிகளில் காய்ப்பு இருக்கிறதா? அடிக்கடி வாந்தி எடுத்தால் உடம்பில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறும். பார்க்க ஒல்லியாக இல்லாத பெண்ணுக்கும் இது நடக்கும். மயங்கி விழுந்தாலோ நெஞ்சு படபடத்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். இல்லாவிட்டாலும் இந்த வாரமே ரத்தப் பரிசோதனை, ஈசிஜி எடுத்துவிட்டு, மனநல மருத்துவரையும் பாருங்கள். பெற்றோரே சாப்பாட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வேளையும் கூட உட்கார்ந்து சாப்பிட வைக்கும் சிகிச்சை முறை ஒன்று இருக்கிறது. வளரிளம் வயதினருக்கு நல்ல பலன் தருவது. அதைப் பற்றிக் கேளுங்கள். அம்மா அப்பாவிடம் மறைக்க வேண்டாம்.

அவளிடம் "எப்படி இளைச்சுட்ட" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் கவலைப்பட்டுச் சொல்வது அவள் காதில் பாராட்டாக விழும். "ராத்திரி நீ தூங்காம இருக்கறதைப் பார்த்தேன். எனக்குப் பயமா இருக்கு. டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் போலாம், நான் கூடவே இருக்கேன்" என்று சொல்லுங்கள். கத்துவாள். அந்தக் கோபத்திலும் பாதி பசிதான்.

மினசோட்டா ஆய்வில் இருந்தவர்கள் மறுபடி வயிறாரச் சாப்பிடத் தொடங்கிய பிறகும், பழையபடி ஆக மாதக்கணக்கில் ஆனது. உங்கள் தங்கைக்கும் அப்படித்தான் இருக்கும். ஒரே வாரத்தில் மாறவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.