பைத்தான் ஓடுகிறது, ஃபைல்தான் கிடைக்கவில்லை என்கிறது: என்ன செய்வது?

கேள்வி: கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். விண்டோஸ் 11 லேப்டாப்பில் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியைப் போட்டு, நோட்பேடில் நாலு வரி எழுதி, டெஸ்க்டாப்பில் ஹலோ.பிஒய் என்று சேவ் செய்தேன். டபுள் கிளிக் செய்தால் ஒரு கறுப்பு விண்டோ வந்த வேகத்தில் மறைந்துவிடுகிறது. கமாண்டுகளை அடித்து ஓட்டும் கமாண்ட் பிராம்ப்ட் விண்டோவில் 'பைத்தான் ஹலோ.பிஒய்' என்று அடித்தால் 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்று வருகிறது. பைத்தானை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டும் அதே கதைதான்.

பதில்: இனிமேல் அழித்துப் போட வேண்டாம். உங்கள் பைத்தான் நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கு அந்த எரரே சாட்சி. ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று உங்களிடம் சொல்வதே பைத்தான்தான். அது இல்லாமலிருந்தால் விண்டோஸ் பேசியிருக்கும்: 'நாட் ரெகக்னைஸ்ட்' என்று சொல்லியிருக்கும், அல்லது 'பைத்தான் வாஸ் நாட் ஃபவுண்ட்' என்று மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் பக்கம் கைகாட்டியிருக்கும். எந்த எரர் வந்தாலும் அதைச் சொல்வது யார் என்று முதலில் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

டபுள் கிளிக்கில் நடந்ததும் கோளாறு இல்லை. புரோகிராம் ஓடியது, முடிந்தது, முடிந்ததும் விண்டோ மூடிக்கொண்டது, அவ்வளவுதான். ஆனால் நடுவில் எரர் வந்திருந்தால் அதுவும் அதே நொடியில் போய்விடும் என்பதால், கற்றுக்கொள்ளும் காலத்தில் கமாண்ட் பிராம்ப்ட்டிலிருந்து ஓட்டுவதுதான் நல்லது.

சரி, ஃபைல் ஏன் கிடைக்கவில்லை? கமாண்ட் பிராம்ப்ட் எப்போதும் ஏதாவது ஒரு ஃபோல்டருக்குள்தான் நிற்கும், வெறும் பெயரைக் கொடுத்தால் அந்த ஃபோல்டரில் மட்டும்தான் தேடும். திறந்தவுடன் 'சி:\யூசர்ஸ்\' என்று தொடங்கி உங்கள் யூசர் பெயரோடு முடியும் ஒரு வரி தெரிகிறதல்லவா, அதுதான் இப்போது நீங்கள் நிற்கும் இடம். உங்கள் ஃபைலோ டெஸ்க்டாப்பில் இருக்கிறது. 'சிடி டெஸ்க்டாப்' என்று அடித்து அங்கே போகலாம் (சி, டி என்ற இரண்டு எழுத்துதான் ஃபோல்டர் மாற்றும் கமாண்ட்), ஆனால் நிறைய லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட்டின் ஆன்லைன் சேமிப்பு வசதியான ஒன்டிரைவ் டெஸ்க்டாப்பைத் தன் ஃபோல்டருக்குள் இழுத்து வைத்திருக்கும், அப்படியானால் நீங்கள் போய்ச் சேர்ந்த இடத்திலும் ஃபைல் இருக்காது. இந்தத் தொல்லையே வேண்டாமென்றால், ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஃபைல் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து, மேலே அட்ரஸ் பாரில் கிளிக் செய்து, அங்கிருப்பதை அழித்துவிட்டு சி, எம், டி என்ற மூன்று எழுத்தை அடித்து என்டர் தட்டுங்கள். கமாண்ட் பிராம்ப்ட் அதே ஃபோல்டரிலேயே திறக்கும். நான் எல்லோருக்கும் முதலில் சொல்லித்தருவது இந்த வழியைத்தான்.

ஓட்டுவதற்கு முன் டி, ஐ, ஆர் என்று அடித்து என்டர் தட்டினால் அந்த ஃபோல்டரில் இருக்கும் எல்லாமே முழுப் பெயரோடு வரும். நோட்பேடில் எழுதுகிறவர்கள் பலருக்கு இங்கேதான் குட்டு வெளிப்படும்: ஃபைலின் பெயர் ஹலோ.பிஒய்.டிஎக்ஸ்டி என்றிருக்கும், கடைசித் துண்டை எக்ஸ்ப்ளோரர் காட்டாமல் மறைத்திருக்கும். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, இருந்திருந்தால் டபுள் கிளிக் செய்தபோது நோட்பேட்தான் திறந்திருக்கும்.

அடுத்து நீங்கள் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் ஒன்று. வரியின் தொடக்கத்தில் >>> என்று மூன்று குறிகள் தெரிந்தால் நீங்கள் ஏற்கெனவே பைத்தானுக்குள் போய்விட்டீர்கள். அங்கே போய் 'பைத்தான் ஹலோ.பிஒய்' என்று அடித்தால் சின்டாக்ஸ் எரர்தான் (எழுதிய முறை தப்பு என்ற எரர்) வரும், உங்கள் புரோகிராமில் தப்பென்று நினைத்துவிடாதீர்கள். கன்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்தி என்டர் தட்டி வெளியே வந்து, அப்புறம் அடியுங்கள். புரோகிராம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கன்ட்ரோலும் சியும். டி டிரைவில் ஃபைல் வைத்திருந்தால் சிடி மட்டும் போதாது, முதலில் 'டி:' என்று அடித்து டிரைவை மாற்ற வேண்டும்.

'ட்ரேஸ்பேக்' என்று தொடங்கி நீளமாக ஏதாவது வந்தால் பயப்படாதீர்கள், ஃபைல் கிடைத்து ஓடவும் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கீழிருந்து படியுங்கள்: கடைசி வரியில் என்ன தப்பு என்று இருக்கும், அதற்குச் சற்று மேலே எந்த வரியில் என்று இருக்கும். நோட்பேடில் திருத்தி சேவ் செய்துவிட்டு, கமாண்ட் பிராம்ப்ட்டை மூடாமல் மேல் அம்புக்குறியை அழுத்துங்கள், முன்பு அடித்த கமாண்டே திரும்ப வரும், என்டர் தட்டினால் போதும்.